மான் கீறினால் ஆடாகிறது: திருகோணமலையில் படம் கீறுகிறவர்களின் கேள்விகள்

மாதக் கடைசி ஞாயிறு விடியற்காலையில் டச் பே கடற்கரையில் கூடிப் படம் கீறுகிற எங்கள் கூட்டத்தில் இந்தமுறை கீறியதைவிடக் கதைத்ததுதான் அதிகம். வெயில் ஏறிவிட்டதால் மிச்சக் கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். கொப்பியில் கிழித்த தாள், கச்சான் சரையின் பின்பக்கம், வாட்ஸ்அப் குரல்பதிவு என்று ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டது. பதினெட்டு வருடமாகச் சிறுவர் புத்தகம், விடுதி வரைபடம், கலியாண அழைப்பிதழ் என்று கீறிப் பிழைக்கிறவள் என்ற ஒரே தகுதியோடு பதில் எழுதுகிறேன்.

உப்புவெளித் தங்கை: கூட்டத்தில் சேர என்ன தகுதி வேண்டும் அக்கா? எனக்கு இன்னும் கை படியவில்லை.

பென்சிலும் கொப்பியும் போதும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: முடியாத படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டவேண்டும். முடிந்த படத்தைக் காட்டினால் “வடிவாயிருக்கு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முடியாததைக் காட்டினால்தான் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கை படிவது அதற்குப் பிறகு.

மூதூர்த் தம்பி: ஒரு பதிப்பகம் சிறுவர் கதைக்குப் பன்னிரண்டு படமும் அட்டையும் கேட்கிறது. “ஒரு படத்துக்கு எவ்வளவு?” என்கிறார்கள். என்ன சொல்ல?

படக்கணக்கில் சொல்லாதீர்கள், நாட்கணக்கில் யோசியுங்கள். முதலில் உங்கள் ஊர் மேசன் ஒருவரின் நாட்கூலி என்னவென்று விசாரியுங்கள். அதற்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவெடுங்கள். அவர் சாந்து குழைக்கப் படித்ததைவிட நீங்கள் வர்ணம் குழைக்கப் படித்தது குறைவில்லை.

இப்போது கணக்கு. ஒரு படத்துக்கு வரைவு அரை நாள், வர்ணம் ஒன்றரை நாள். பன்னிரண்டுக்கும் 24 நாள். அட்டைக்கு 3. திருத்தத்துக்கு 5. மொத்தம் 32. உதாரணத்துக்கு நாளுக்கு 5,000 ரூபா வைத்தால் 1,60,000. இதைக் கேட்டவுடன் பதிப்பகத்தார் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அப்போது நாட்கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள்: “ஆறு முழுப்பக்கம், மிச்சம் ஆறும் பக்க மூலையில் சின்னப் படம்” என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாக அங்கேதான் பேச்சு பொருந்தும்.

காசு மூன்று தவணை. தொடங்க ஒரு பங்கு, வரைவு சரி என்றவுடன் ஒரு பங்கு, கடைசிக் கோப்பு கைமாறும் முன் மிச்சம். இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதற்குக் காசு. இவ்வளவையும் தொலைபேசியில் கதைத்தாலும் அன்றிரவே எழுதி அனுப்பிவிடுங்கள்.

பெயர் எழுதாத ஒருவர்: கூட்டத்தில் எல்லாரும் தங்கள் விலையைச் சொல்லவேண்டும் என்கிறீர்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துவிட மாட்டாரா?

பெயர் எழுதாததற்குக் காரணம் விளங்குகிறது. ஆனால் நடந்தது நேர்மாறு. சில வருடம் முன்பு ஒரு விடுதிக்குச் சுவரோவியம் கேட்டார்கள். நான் ஒரு விலை சொன்னேன். அடுத்த நாள் “இன்னொருவர் இதைவிடக் குறைவாகச் செய்கிறார்” என்றார்கள். குறைத்தேன். மறுபடி அதே கதை. மூன்று முறை இறங்கினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த இன்னொருவர் எங்கள் கூட்டத்து ஆள்தான், அவருக்கும் என் பெயரைச் சொல்லாமல் அதே கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் வேலை அவருக்குக் கிடைத்தது. வர்ணக் காசும் சாரக்கட்டு வாடகையும் போக அவர் கையில் நின்றது ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு.

ஒளித்து வைத்த விலை எங்கள் இருவருக்கும் நட்டம், விடுதிக்கு மட்டும் இலாபம். இப்போது ஒரு வேலை பற்றிக் காதில் விழுந்தால் கூட்டத்தில் சொல்வோம், யார் பேசுகிறோம் என்றும் சொல்வோம். குறைத்துப் பிடிக்கிறவர் இருக்கத்தான் செய்வார். ஆனால் அடுத்த மாதம் அதே மணலில் வந்து எங்களோடு குந்தியிருக்க வேண்டுமே.

தம்பலகாமம் ஆசிரியர்: பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் மான் கீறவைத்தேன். எல்லாருடையதும் ஆடு மாதிரி வந்திருக்கிறது. என்னுடையதும்தான்.

சேர், எனக்குப் பிடித்த கேள்வி இது. பிரட்றிக் கோட்டையில் புள்ளிமான் மனிதருக்குப் பயப்படாமல் நிற்கிறது, இப்படி ஓர் உயிருள்ள மாதிரி வேறெங்கு கிடைக்கும்?

ஆடு வருவதற்குக் காரணம் தலை இல்லை, பின்னங்கால். பின்பக்கமாக மடங்கி நிற்கிற மூட்டை நாங்கள் முழங்கால் என்று நினைக்கிறோம். அது குதிகால். உண்மையான முழங்கால் வயிற்றுத் தோலுக்குப் பக்கத்தில், மேலே ஒளிந்திருக்கிறது. நாங்கள் அந்த மூட்டைக் கீழே இறக்கிவிடுவதால் கால் கட்டையாகி ஆடாகிறது. பிள்ளைகளிடம் “மான் எப்போதும் நுனிவிரலில் நிற்கிறது” என்று சொல்லிப் பாருங்கள், கோடு தானாக நீளும். அடுத்தது வயிற்றுக்கோடு: நெஞ்சில் ஆழமாகத் தொடங்கிப் பின்னங்காலை நோக்கி மேலே ஏறவேண்டும். வால் ஆட்டுக்கு நிமிர்ந்து நிற்கும், மானுக்குத் தொங்கும். புள்ளிகளைக் கண்டபடி தெளிக்கவேண்டாம். முதுகெலும்பை ஒட்டிக் கருமையான கோடு ஓடுகிறது, அதன் இரு பக்கமும் புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன. தொண்டையில் ஒரு வெள்ளைத் திட்டு. ஆண்மானின் கொம்பில் ஒரு பக்கத்துக்கு மூன்று முனை. கொம்பு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது மேலே வெல்வெட் போர்த்தியதுபோல இருக்கும், அதைக் கீறக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: கொப்பியை நிலத்தில் வைக்கவேண்டாம். என் கொப்பியின் மூலையை ஒரு பெண்மான் மென்று விழுங்கியிருக்கிறது, நான் அதைத்தான் கீறிக்கொண்டிருந்தேன்.

அதே ஆசிரியர்: கோட்டைக்குள் கீறுவதற்கு ஏதாவது பிரச்சினை வருமா?

கோணேஸ்வரத்துக்குப் போகிற வழியில் மரத்தையும் மானையும் கீறுகிறவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இராணுவம் இருக்கிறது, ஆகவே சென்றி என்கிற காவலரண், வேலி, வாகனம் எதையும் படத்துக்குள் கொண்டுவராதீர்கள். கடற்படைத் தளப் பக்கமும் அப்படியே. கோணேஸ்வரம் நிற்கிற சுவாமி மலைப் பாறை வேண்டுமென்றால் டச் பே மணலில் இருந்து வடக்கே பாருங்கள். காலையில் வெயில் வலப்பக்கம் கடலிலிருந்து வந்து பாறையில் நேரே விழும், வெடிப்பெல்லாம் தெரியும். பின்னேரம் அந்தப் பக்கம் நிழலாகி ஒரே கறுப்பாகிவிடும்.

கிண்ணியாத் தம்பி: பிரஸுக்குக் கொடுத்த புத்தகத்தில் இரண்டு கோளாறு. கடல் சேறு மாதிரி அச்சாகியிருக்கிறது. எழுத்து முழுக்க ஆங்கிலமாக மாறிவிட்டது. பிரஸ்காரர் பிழையா, என் பிழையா?

இரண்டும் உங்கள் பிழைதான், கோபிக்கவேண்டாம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அது ஆர்ஜிபி. அச்சு மையால் காட்டுகிறது, அது சிஎம்வைகே: சியான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை. நிலாவெளிக் கடலின் அந்தப் பச்சைநீலம் இந்த நான்குக்குள் அகப்படாது. வேலை தொடங்கும்போதே சிஎம்வைகேயில் ஒருமுறை மாற்றிப் பாருங்கள், பிறகு ஏமாற்றம் இல்லை. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சுற்றிவர 3 மில்லிமீற்றர் வெட்டு ஓரம், இது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எழுத்துக் கோளாறுக்குக் காரணம் பாமினி என்ற பழைய எழுத்துரு. எங்கள் நாட்டில் பல அச்சகங்களில் இன்னும் அதுதான். பாமினியில் நீங்கள் பார்ப்பது தமிழ் என்றாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, அதன்மேல் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்றுவிடும். “அம்மா” இருந்த இடத்தில் நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியும் நிற்கும். யூனிகோட்டில் வேறு விதமான வம்பு: சில பழைய வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால் “கெ”யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து: கடைசியில் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். மாற்றாத பிரதி ஒன்றை உங்களிடம் வைத்திருங்கள், பிழை திருத்த அது வேண்டும். அச்சடித்த ஒரு மாதிரித் தாளைக் கையில் பிடித்துப் பார்க்காமல் “அடியுங்கோ” என்று சொல்லவேண்டாம்.

நிலாவெளி அக்கா ஒருவர்: நீர்வர்ணம் எனக்குக் கோடுகோடாகக் காய்கிறது. போன வருடத்துப் படங்களில் பழுப்புப் புள்ளி வேறு.

முதலாவதற்குக் காரணம் கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்று. ஆனி, ஆடியில் பத்து மணிக்குப் பிறகு வெளியில் பெரிய கழுவல் (நீர்த்த வர்ணத்தை அகலமாகப் பூசுவது) எதுவும் போடவேண்டாம், தூரிகையை மறுபடி தோய்க்க முன் தாள் காய்ந்துவிடும். 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளின் இரண்டு பக்கமும் நனைத்துப் பலகையில் ஒட்டவைத்தால் கொஞ்ச நேரம் கிடைக்கும். பழுப்புப் புள்ளி பூஞ்சணம். மாரியில் கடலோர வீட்டில் தாளைச் சுவரோடு சாய்த்து வைத்தால் வரத்தான் செய்யும். மூடியுள்ள பெட்டி, புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல், மழை விட்ட நாளில் ஒருதரம் விரித்துக் காற்றாட வைப்பது. இதற்குமேல் எனக்கும் வழி தெரியாது, நல்ல படங்களை உடனே ஸ்கான் செய்துவிடுவேன்.

திருகோணமலை நகர், ஒரு அண்ணா: என் படத்தைக் கேட்காமல் இன்னொரு புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். பதிவு செய்யவில்லையே, உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நீங்கள் கீறி முடித்தவுடனேயே உரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை. உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும் அது நிற்கும். சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில் கடமையாகக் கீறியது வேறு கதை, அது ஒப்பந்தத்தில் மாற்றிச் சொல்லாவிட்டால் முதலாளிக்கு. உரிமையைக் கைமாற்றுவதென்றால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்கவேண்டும். பழைய வரைவு, திகதியுள்ள கோப்பு எல்லாம் எடுத்துவைத்து முதலில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். பலர் கடிதத்தோடேயே காசுக்கு வருவார்கள்.

என் படம் ஒன்றை ஒருவர் மறுபதிப்பில் இடம் வலமாகத் திருப்பிப் போட்டார். பக்கத்துக்குப் பொருந்தவில்லையாம். அம்மாவின் சேலைத் தலைப்பு வலத் தோளுக்குப் போய்விட்டது, இடக்கையால் சோறு ஊட்டுகிறாள். அந்தப் புத்தகத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை. அன்று முதல் “திருப்பவோ வெட்டவோ கேட்டுச் செய்க” என்ற வரி என் எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிறது.

ஒரு தாய்: மகள் உயர்தரத்தில் சித்திரம் எடுக்கிறாள். எதிர்காலம் உண்டா?

சித்திரம் மட்டும் என்றால் கஷ்டம், சித்திரத்தோடு இன்னொன்று என்றால் உண்டு. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் காண்பியக் கலை படிக்கலாம். உளச்சார்புப் பரீட்சை உண்டு என்பதால் புள்ளியை மட்டும் நம்பி இருக்கக்கூடாது, இப்போதிருந்தே பார்த்துக் கீறிப் பழகட்டும். ஆங்கிலமும் கொஞ்சம் சிங்களமும் படிக்கட்டும். எனக்கு வந்த வேலையில் பாதி மொழியால் வந்தது.

சீனன்குடாத் தம்பி: ஐபாட் இல்லாமல் இந்தத் தொழில் செய்யமுடியுமா?

முடியும். கிறீட்டா என்ற படம் கீறும் மென்பொருள் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். மிச்சக் காசுக்கு நல்ல கதிரை வாங்குங்கள்.

குச்சவெளித் தங்கை: வேலை எங்கே தேடுவது? எல்லாம் கொழும்பில்தானே.

கொழும்பில் இல்லாதது எங்களிடம் இருக்கிறது. நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாமலைத் தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே மூழ்கிப் பார்க்கிறவர்கள் பார்த்த மீனின் பெயரை யாரிடம் கேட்பார்கள்? மூன்று மொழியில் பெயரெழுதி, நனையாத அட்டையில் பவளப்பாறை மீன்களைக் கீறி ஒரு படகோட்டியிடம் காட்டிப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் எங்கள் ஊர் வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், மூலிகையை இலை நரம்பு பிசகாமல் கீறத் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறோம்?

சிறுவர் புத்தகத்துக்கு ரூம் டு ரீட் என்ற தொண்டு நிறுவனம் இலங்கையில் தமிழ், சிங்களப் புத்தகங்கள் செய்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற கதை இணையத்தளம் பழகுவதற்கு நல்ல இடம், ஆனால் அங்கே திறந்த உரிமத்தில் போட்ட படத்தை உங்கள் பெயர் போட்டு யாரும் விற்கவும் செய்யலாம். அதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். மிகப் பிடித்த படத்தை வீட்டிலேயே வைத்திருங்கள்.

உப்புவெளி, விடுதியில் வேலை செய்பவர்: முதலாளி இப்போது ஏஐயில் படம் எடுக்கிறார். எங்களை ஏன் கூப்பிடுவார்?

அவர் எடுத்த சுவரொட்டியை எனக்கும் காட்டினார்கள். கோணேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மான் நிற்கிறது, தலையில் பனிநாட்டு மானின் அகலக் கொம்பு. பின்னால் ஊசியிலை மரம். நான் ஒன்றும் சொல்லவில்லை, என் கொப்பியைத் திறந்து நம்முடைய மானைப் பக்கத்தில் வைத்தேன். சிரித்துவிட்டார். ஆனாலும் விலை கேட்கவில்லை, உண்மையைச் சொல்லவேண்டுமே. மலிவான வேலையில் ஒரு பங்கு போய்விட்டது, அது திரும்பாது. ஊரை அறிந்து கீறவேண்டிய வேலைகள் மிஞ்சியிருக்கின்றன, அதற்குள்ளேயாவது நாங்கள் பிழைவிடாமல் இருப்போம்.

கடைசியாக, சரையில் எழுதியது: ஞாயிறு மழை பெய்தால்?

வழமையான தேத்தண்ணிக் கடை. மூலை மேசைக்குக் கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. பிளேன்டீக் காசு அவரவர் கணக்கு.