போனைக் கையில் பிடிக்காமல், காதில் மாட்டிக் கதைத்துக்கொண்டு வாகனம் ஓடினால் என்ன ஆபத்து?

கேள்விக்குக் கீழே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "பக்கத்து சீற்றில் இருப்பவரோடு கதைப்பதும் போனில் கதைப்பதும் ஒன்றுதானே?" அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வன்னியில் விசுவமடுப் பக்கம் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று வைத்து ஹயர் ஓடுகிறவன். மூன்று வருடத்துக்கு முந்தி நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கையில் பிடித்தால்தானே பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதும்? காதில் வயரை மாட்டிவிட்டால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில், இரண்டு கண்ணும் றோட்டில். பிறகென்ன?

சிறுபோக வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். பரந்தனில் சாமான் இறக்கிவிட்டு வெறும் வாகனத்தோடு முல்லைத்தீவு வீதியால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பின்னேரம் ஐந்தரை இருக்கும். முரசுமோட்டைக்குக் கிட்ட அக்கா எடுத்தா. ரொறன்ரோவில் அது காலை எட்டு மணி, அவ பஸ்ஸில் வேலைக்குப் போகிற நேரம். எங்கள் வீட்டில் எல்லாப் பிரச்சினையும் அந்த அரை மணித்தியாலத்துக்குள்தான் தீர்க்கப்படும். அன்றைக்கு அம்மாவின் காணிப் பிரச்சினை. "தம்பி, கிழக்கெல்லை என்னடா, வாய்க்காலோ வேலியோ?" என்று கேட்டா.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் காணிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். நான் போனேன். மனதுக்குள் படலையைத் திறந்து, கிணற்றடி தாண்டி, தென்னை மூன்றையும் எண்ணிக்கொண்டு கிழக்குப் பக்கம் நடந்தேன். கண் றோட்டில்தான் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். இடது பக்கம் நெல் காயப் போட்டிருந்ததும், வாகனம் ஏறாமல் இருக்க ஓரத்தில் கல்லும் பூவரசங் கொப்பும் வைத்திருந்ததும், ஒரு ஐயா குனிந்து நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்ததும் என் கண்ணில் பட்டவைதான். பட்டது வேறு, தெரிந்தது வேறு. எனக்குத் தெரிந்தபோது முன் சில்லு முதல் கல்லில் ஏறிவிட்டது.

நெல்லில் பிரேக் பிடித்தவர்களுக்குத் தெரியும். மாபிள் உருண்டைக்கு மேல் நின்று பிரேக் பிடிப்பது மாதிரி. வாகனம் நிற்காது, வழுக்கும். ஐயா கடகத்தைப் போட்டுவிட்டு வேலிப்பக்கம் பாய்ந்தார். இடப்பக்கச் சில்லு இரண்டும் றோட்டோர வடிகானுக்குள் இறங்கித்தான் வாகனம் நின்றது. அருந்தப்பு.

வயர் கழன்று போன் காலடியில் கிடந்தது. அதற்குள்ளிருந்து அக்காவின் குரல் கீச்சுக் கீச்சென்று கேட்டது. அவ இன்னும் எல்லையைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தா. எனக்குக் கை நடுக்கத்தில் குனிந்து எடுக்க முடியவில்லை. ஐயா கதவைத் திறந்து, போனை எடுத்துக் காதில் வைத்து, "பிள்ளை, தம்பி இப்ப கானுக்குள்ள நிக்கிறார். பிறகு எடுங்கோ" என்று சொல்லிக் கட் பண்ணினார். அதற்குப் பிறகுதான் என்னை ஏசத் தொடங்கினார். அதை இங்கே எழுத முடியாது.

றோட்டில் நெல் காயப் போட்டது பிழையில்லையா என்று யாராவது கேட்பீர்கள். பிழைதான். ஆனால் அந்த நெல் காலையிலிருந்து அங்கேதான் கிடந்தது. பஸ், டிப்பர், பெட்டி கொழுவிய உழவு இயந்திரம் எல்லாம் விலத்தித்தான் போயிருக்கின்றன. நான் ஒருவன்தான் அம்மாவின் காணிக்குள் நின்றேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு அக்கா எனக்குப் பக்கத்து சீற்றில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? காணிக் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு "டேய் டேய், நெல்லு!" என்று கத்தியிருப்பா. பக்கத்தில் இருப்பவருக்கும் அதே றோட்டுத்தான் தெரிகிறது. மாடு குறுக்கே வந்தால் அவருடைய கதையும் தானாக நிற்கும். வளைவு வந்தால் குரல் தணியும். போனில் இருப்பவருக்கு இது ஒன்றும் தெரியாது. ரொறன்ரோ பஸ்ஸில் இருக்கிற மனுசிக்கு முரசுமோட்டையில் நெல் கிடப்பது எப்படித் தெரியும்? நாங்கள் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால்கூட "ஹலோ, கேக்குதோ? லைன் கட் ஆயிட்டுதோ?" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவசரப்படுத்துவார்கள்.

இது என்னுடைய அனுபவம் மட்டுமில்லை. அக்கா இருக்கிற அதே ரொறன்ரோவில், போன் வைத்திருந்து வாகனத்தை மோதிய 699 சாரதிகளின் அழைப்புப் பதிவுகளை மோதிய நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1997 இல் வெளிவந்த ஆய்வு அது. போன் பாவிக்கும் நேரத்தில் மோதுகிற வாய்ப்பு ஏறத்தாழ நாலு மடங்கு. கையில் பிடிக்காமல் கதைக்கிற வகைப் போன் வைத்திருந்தவர்களுக்கு அதனால் பாதுகாப்புக் கூடியதாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கணினித் திரைக்கு முன்னால் ஆட்களை வாகனம் ஓட வைத்து, கண் எங்கே பார்க்கிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். போனில் கதைத்துக்கொண்டு ஓடியவர்களின் கண் நேரே விளம்பரப் பலகையில் நின்றிருக்கிறது. பிறகு கேட்டால் பலதை அவர்கள் கண்டதாகவே நினைவில்லை. அதை வாசித்தபோதுதான் எனக்கு நடந்தது என்னவென்று விளங்கியது. அதே ஆய்வாளர்கள் 2006 இல் இன்னொன்றும் செய்தார்கள். இரத்தத்தில் 0.08 வீதம் மது ஏறியவர்களையும் போனில் கதைப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். போன்காரர்கள் பிரேக் பிடிக்கப் பிந்தினார்கள், மோதவும் செய்தார்கள். எங்கள் நாட்டில் குடித்துவிட்டு ஓடுவதாகப் பிடிக்கிற அளவும் அதே 0.08 தான். கள்ளு வாசம் வந்தால் வாகனத்தில் ஏறமாட்டோம் என்கிற சனம், போன் கதைக்கிற டிரைவரின் ஓட்டோவில் பேசாமல் ஏறி இருக்கிறது.

ஓட்டத்தில் மெசேஜ் வாசிப்பது, வீடியோ பார்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் நீட்டவில்லை. 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று செக்கன் கீழே பார்த்தால் வாகனம் 50 மீற்றர் போய்விடும். அரை ஏக்கர் வளவொன்றின் முன்வேலி முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கடந்த கணக்கு.

வன்னியில் இந்தப் போன் ஆபத்து கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்கு என் கணிப்பில் ஒரு காரணம் உண்டு. சமாதான காலத்தில் வெளிநாட்டு அழைப்பென்றால் கிளிநொச்சிக்குப் போய், தொலைத்தொடர்பு நிலையத்து வாங்கில் காத்திருந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளே போய் இருந்து கதைப்போம். றோட்டெல்லாம் குண்டும் குழியும். அதில் ஓடிக்கொண்டு போன் கதைக்க யாருக்கு முடியும், பல்லுத்தான் உடையும். 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு காப்பெற் றோட்டும் போன் கோபுரமும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தன. றோட்டு வழுவழுவென்று ஆனது. ஆனால் றோட்டில் வருபவை மாறவில்லை. அதே கட்டாக்காலி மாடு, பின் லைற் இல்லாத லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம், விறகு கட்டிய சைக்கிள். மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் இரவில் யானையும் ஏறும். 2013 இல் கிளிநொச்சிக்கு ரயிலும் திரும்பி வந்தது, காவலாளி இல்லாத கடவைகளோடு. அதில் காது ஒன்றுதான் காவல். அந்தக் காதில் வயர் இருந்தால் என்ன செய்வது?

மோட்டார் சைக்கிள்காரர் இன்னும் மோசம். ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் இடையில் போனைச் செருகுவதை எங்கள் பெடியள் பெரிய கண்டுபிடிப்பாக நினைக்கிறார்கள். செருக இடம் வேண்டுமென்று கொளுக்கியைப் போடாமல் விடுவார்கள். காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, "ஆ? என்ன? திருப்பிச் சொல்லு" என்று தலையைச் சரித்துக்கொண்டே போவார்கள். ஸ்கூட்டியில் முன்னுக்குப் பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டு கைப்பைக்குள் போன் தேடுகிற அம்மாமாரையும் கண்டிருக்கிறேன். அவர்களைக் கண்டால் ஹோர்ன் அடிக்கக்கூடப் பயம்.

ஓடுபவரை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டத்தில் எனக்கு வந்த கோல்களை ஒரு கிழமை கவனித்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எங்க வாறாய்?" ஹயருக்குச் சொன்னவர் கேட்பார், கடைக்காரர் கேட்பார், வீட்டில் கேட்பா. அதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சத் தூரம் வந்துவிடுவேன் என்பதை யோசிப்பதில்லை. எடுக்காவிட்டால் கோபம் வேறு. "பெரிய மனுசன் ஆயிட்டார், போன் எடுக்கிறேல்ல" என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பாதிப்பேர் ஓட்டத்தில் போனைத் தூக்குகிறார்கள்.

அதனால் நான் செய்வது, வெளிக்கிடமுன் வொய்ஸ் மெசேஜ் போடுவது: "இப்ப வெளிக்கிடுறன், ரண்டு மணித்தியாலத்துக்கு எடுக்காதேங்கோ." போன் சத்தம் நிறுத்தி டாஷ்போர்ட் பெட்டிக்குள். வவுனியா ஓட்டமென்றால் எப்படியும் முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தத்தானே வேண்டும், கச்சான் வாங்கிக்கொண்டு அங்கே நின்று எல்லோருக்கும் திருப்பி எடுப்பேன். முதல் மாதம் இரண்டு ஹயர் கைவிட்டுப் போனது உண்மை. ஒருவர் பிறகு திரும்பி வந்தார்.

அக்கா அங்கே கார் ஓடும்போது போனைத் தொடவே மாட்டா. ஒன்ராரியோவில் 2019 இலிருந்து முதல் தடவை பிடிபட்டாலே தண்டத்தோடு மூன்று நாளுக்கு லைசன்ஸையும் நிறுத்திவிடுவார்களாம். "அப்ப எனக்கு மட்டும் ஏன் அந்த நேரத்தில எடுக்கிறனீங்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இப்போது எடுத்தவுடன் சுகம் விசாரிக்க முதல் "நிக்கிறியோ, ஓடுறியோ?" என்றுதான் கேட்கிறா. ஓடுறன் என்று சொல்ல எனக்கும் வேலை இல்லை, ஏனென்றால் ஓடினால் எடுக்கமாட்டேன்.

கிழக்கெல்லை வாய்க்கால்தான். அடுத்த நாள் காலை காணிக்குள்ளேயே நின்று எடுத்துச் சொன்னேன்.