வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் மெரிட் ஸ்காலர்ஷிப் உண்மையிலேயே கிடைக்குமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பை முடிக்கப்போகிறான், நன்றாகப் படிப்பவன். வேறு மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண் பார்த்துப் பெரிய தொகை தருகின்றன என்கிறார்கள். நம்பலாமா? அவன் எங்கள் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறான், அது தடையாகுமா?

பதில்:

நம்பலாம். ஆனால் நம்மவர்கள் வாயில் முதலில் வரும் பெயர்களில் பெரும்பாலும் கிடைக்காது. பெர்க்லி, யு.சி.எல்.ஏ., மிச்சிகன், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வாசலில் ஏற்கெனவே நீண்ட வரிசை நிற்கிறது. முழுக் கட்டணத்தையும் கட்டத் தயாராக ஆள் இருக்கும்போது சலுகை எதற்கு? போதாக்குறைக்கு, சொந்த மாநில மக்கள் 'எங்கள் பிள்ளைகளுக்கு இடம் இல்லையா' என்று சட்டமன்றத்தில் சண்டை போடுகிறார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2017இல் பெரும்பாலான வளாகங்களுக்கு வெளியூர் மாணவர் பங்கு 18 சதவீதம் என்று வரம்பு கட்டியது. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்திலும் முதலாண்டுச் சேர்க்கைக்கு அதே 18 சதவீத வரம்புதான். ஆஸ்டினில் முதலாண்டு மாணவர்களில் 90 சதவீதத்தினர் டெக்சாஸ்காரர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த இடங்களில் அனுமதி கிடைப்பதே பரிசு, பணத்தை எதிர்பார்க்காதீர்கள்.

விதிவிலக்குகள் உண்டு. சேப்பல் ஹில்லின் மோர்ஹெட்-கெய்ன் ஸ்காலர்ஷிப் 1945இல் தொடங்கியது. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். வர்ஜினியாப் பல்கலைக்கழகத்தின் ஜெஃபர்சன் ஸ்காலர்ஷிப்பும் அப்படியே. ஆனால் இவற்றைப் பெறுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். விண்ணப்பிக்கட்டும், அதை நம்பிக் குடும்ப பட்ஜெட் போடாதீர்கள்.

எனக்கு நேரடியாகத் தெரிந்தது அலபாமாப் பல்கலைக்கழகம். என் மகள் அங்கே பொறியியல் படித்தாள். பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி கோவில் கேன்டீனில் தோசைக்கு நிற்கும்போது, "பெண் எங்கே சேர்ந்திருக்கிறாள்?" என்று கேட்பவர்களிடம் "அலபாமா" என்று சொன்னால் ஒரு மௌனம் விழும். ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்தி, "ஏன், ஏதாவது பிரச்சினையா?" என்றே கேட்டார். பிரச்சினை எதுவுமில்லை, கணக்குதான். அவள் சேர்ந்த ஆண்டில் பல்கலைக்கழக இணையதளத்தில் ஓர் அட்டவணை இருந்தது. பள்ளி மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. 3.5க்கு மேல், ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 32க்கு மேல் என்றால் ஆண்டுக்கு 28,000 டாலர். கட்டுரை கிடையாது, நேர்காணல் கிடையாது. இரண்டு எண்களும் சந்திக்கும் கட்டத்தில் விரலை வைத்தால் தொகை தெரிந்துவிடும்.

'தானாகக் கிடைக்கும்' என்று சொல்லப்படும் இந்த வகைதான் உங்களுக்கு முக்கியம். மற்ற கல்லூரிகளில் மார்ச் மாதக் கடைசிவரை ஜோசியம் பார்க்க வேண்டும். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே ஏறத்தாழ எவ்வளவு செலவாகும் என்று தெரியும். மற்ற விண்ணப்பங்களை அந்தத் துணிச்சலில் போடலாம். அட்டவணை ஆண்டுதோறும் மாறும் என்பதால், உங்கள் மகன் சேரப்போகும் ஆண்டுக்கான பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். பழைய எண்ணை நண்பர் சொன்னார் என்று நம்பிப் போகாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். அலபாமாவில் வெளிமாநிலக் கல்விக் கட்டணம் 33,000 டாலரை ஒட்டி இருக்கிறது. 28,000 கழிந்தால் மிச்சம் 5,000 சொச்சம். நம் ஊர் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் உள்ளூர்க்காரர் என்ற சலுகையோடு கட்டணமும் இதர வசூலும் சேர்ந்து 17,000, 18,000 ஆகிறது. விடுதியும் சாப்பாடும் இரண்டு இடத்திலும் கையிலிருந்துதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அலபாமாவிலேயே பிறந்து வளர்ந்த மாணவன் ஸ்காலர்ஷிப் இல்லாமல் கட்டும் 12,000 டாலரைவிட நியூ ஜெர்சிப் பிள்ளை குறைவாகக் கட்டுகிறது.

அவர்களுக்கு என்ன பைத்தியமா என்று தோன்றும். இல்லை. 2003இல் ராபர்ட் விட் பல்கலைக்கழகத் தலைவராக வந்தபோது அங்கே சுமார் 20,000 மாணவர்கள். இப்போது 40,000ஐ ஒட்டி. அவர்களில் பாதிக்கு மேல் வெளிமாநிலத்தவர். வெளியிலிருந்து மாணவர்களை இழுத்து வளர்வதே வழி என்று அவர் வந்ததுமே முடிவெடுத்தார்கள், 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மாநில அரசு தரும் பணம் சுருங்கியபோது அது இன்னும் அவசியமாயிற்று. தி.நகர்க் கடைகளின் ஆடித் தள்ளுபடி மாதிரிதான். வாசலில் தொங்கும் புடவை நிஜமாகவே பாதி விலை, அதைப் பார்த்து உள்ளே வருகிறவர்கள் வாங்குவது எல்லாம் பாதி விலை அல்ல. அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளை பல்கலைக்கழகத்தின் சராசரியை உயர்த்துகிறது, பெயரை உயர்த்துகிறது. அந்தப் பெயரைப் பார்த்தும், ஒரு லட்சம் பேர் உட்காரும் பிரையன்ட்-டென்னி கால்பந்து அரங்கைப் பார்த்தும் சற்றுக் குறைந்த மதிப்பெண்ணோடு வருகிறவர்கள் முழுக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள்.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு, சொல்லிவிடுகிறேன். அலபாமா ஏழை மாநிலம். வசதி குறைந்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் போயிருக்க வேண்டிய பணம், இரண்டு சம்பளம் வரும் எங்களைப் போன்ற வீடுகளுக்கு வருகிறது. 'மெரிட்' என்ற பெயரில் பாதி, நல்ல பள்ளி உள்ள ஊரில் வீடு வாங்க முடிந்ததற்கான பரிசு. அது தெரிந்தும் வாங்கிக்கொண்டோம்.

கடிதம் வந்ததும் கொட்டை எழுத்தில் உள்ள தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். '1,12,000 டாலர்' என்று இருக்கும். அது நான்கு ஆண்டுகளுக்கு. பில் செமஸ்டருக்கு ஒருமுறை வரும், அதில் கழிவது 14,000. கல்விக் கட்டணம் ஆண்டுதோறும் ஏறும், இந்தத் தொகை ஏறாது. அதனால் முதலாண்டில் 5,000 ஆக இருந்த மிச்சம் நான்காம் ஆண்டில் 5,000 ஆக இருக்காது. பொறியியல் கல்லூரிக் கட்டணம் தனி. சாப்பாட்டுத் திட்டத்துக்கு மேல் இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் கட்டாயம் கட்ட வேண்டிய 'டைனிங் டாலர்' என்று ஒரு வரி வரும், பில்லைப் பார்க்கும்வரை அது நமக்குத் தெரியாது. நெவார்க்கிலிருந்து பர்மிங்ஹாமுக்கு அட்லாண்டாவிலோ சார்லட்டிலோ விமானம் மாறிப் போய், அங்கிருந்து பல்கலைக்கழகம் உள்ள டஸ்கலூசாவுக்கு இன்னொரு மணி நேரம் காரில். நன்றி கூறும் நாள் விடுமுறை டிக்கெட் விலையையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்து, தொடர்வதற்கான நிபந்தனை. என் மகளின் கடிதத்தில் கல்லூரி ஜி.பி.ஏ. 3.0க்குக் குறையக் கூடாது என்று இருந்தது. சில இடங்களில் 3.5 கேட்கிறார்கள். கால்குலஸும் இயற்பியலும் வேதியியலும் ஒரே செமஸ்டரில் வரும் பொறியியல் முதலாண்டில் 3.5 என்பது விளையாட்டல்ல. அங்கே ஸ்காலர்ஷிப் போனால் வீட்டுக்கு ஆயிரம் மைல் தள்ளி முழு வெளிமாநிலக் கட்டணம் தலையில் விழும். அதனால் 25,000 தந்து 3.5 கேட்கும் இடத்தைவிட, 22,000 தந்து 3.0 கேட்கும் இடம் எனக்குப் பிடிக்கும். கடினமான பாடம் ஒன்றைப் பாதியில் கைவிட்டு 12 கிரெடிட்டுக்குக் கீழே போனாலும் ஆபத்து. நிறுவனத்தில் கோ-ஆப் பயிற்சிக்குப் போகும் செமஸ்டருக்கு ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவைக்கும்படி முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செமஸ்டர் வீணாகலாம். மாறாக, ஒரு நல்ல விஷயமும் இருந்தது. பள்ளியிலேயே எழுதிய ஏ.பி. தேர்வுகளால் கிடைத்த கிரெடிட்களால் சீக்கிரம் பட்டம் முடித்தால், மீதமுள்ள செமஸ்டர்களின் தொகையை அங்கேயே முதுகலைக்குப் பயன்படுத்தலாம்.

டெக்சாஸில் வேறொரு வழி இருக்கிறது. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் போட்டி அடிப்படையில் ஆண்டுக்குக் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் கொடுத்தால், அந்த வெளிமாநில மாணவருக்கு உள்ளூர்க் கட்டணமே வசூலிக்க மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதாவது 1,000 டாலர் கடிதத்தின் உண்மை மதிப்பு அதைப் போலப் பல மடங்கு. இந்தச் சலுகையைப் பெறுவோரின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வரம்பு உண்டு. டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். கணினித் துறை அங்கே பெரியது, பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் மெரிட் பரிசீலனை வேண்டுமானால் நவம்பர் 1க்குள் விண்ணப்பித்தாக வேண்டும். மேற்கு மாநிலங்கள் தங்களுக்குள் உள்ளூர்க் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கில் மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளும் திட்டம் நியூ ஜெர்சிக்குப் பொருந்தாது, அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

உங்கள் மகன் அடுத்து எழுதப்போகும் தேர்வு இதில் பெரியது: பதினோராம் வகுப்பு அக்டோபரில் வரும் பி.எஸ்.ஏ.டி. நேஷனல் மெரிட் என்ற நாடு தழுவிய ஸ்காலர்ஷிப் போட்டிக்கு அந்த ஆண்டு மதிப்பெண்தான் கணக்கு. ஃபைனலிஸ்ட் ஆனால் அலபாமா போன்ற இடங்கள் கல்விக் கட்டணத்தோடு விடுதி வாடகையையும் ஏற்கின்றன. ஆனால் வெட்டு மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மொத்தம் 228இல் நியூ ஜெர்சி அண்மை ஆண்டுகளில் 223க்குக் கீழே இறங்கவில்லை. வெஸ்ட் வர்ஜினியா போன்ற மாநிலங்களில் 210ஐ ஒட்டிய மதிப்பெண்ணே போதுமானதாக இருந்திருக்கிறது. நாம் வீடு வாங்கிய மாநிலம் அப்படி.

இனி விசா. நேஷனல் மெரிட்டுக்கு முன்பு குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டியிருந்தது. அல்லது கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து அது நிராகரிக்கப்படாமல் இருந்து, முதல் வாய்ப்பில் குடிமகனாகும் எண்ணமும் இருக்க வேண்டியிருந்தது. இந்தியர்களுக்கான வரிசையில் நிற்கும் எச்-1பி குடும்பங்களுக்கு கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம் போடவே முறை வராததால் அப்போது இங்கேயே கதவு மூடிக்கொண்டது. எங்கள் நண்பரின் மகனுக்கு மதிப்பெண் இருந்தும் அப்படித்தான் ஆயிற்று. இப்போது விதி மாறிவிட்டது, அமெரிக்காவில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்களிடம் குடியுரிமை கேட்பதில்லை. பல்கலைக்கழகம் தன் சொந்தப் பணத்தில் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப்புகளிலும் பல குடியுரிமையைப் பார்ப்பதில்லை. சில பார்க்கும். கூட்டாட்சி அரசின் கல்வி உதவி எச்-4 பிள்ளைகளுக்கு எப்படியும் கிடையாது.

எச்-4 பிள்ளைகளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சம்பளம் தரும் கோடைக்காலப் பயிற்சிக்குப் போக முடியாது. 21 வயதில் அந்த விசாவும் முடிந்துவிடும், பெரும்பாலும் படிப்பின் நடுவில். அதனால் பலர் கல்லூரி தொடங்கும்போதே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். மாறிய அன்று பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் உங்கள் மகன் 'வெளிமாநிலத்தவர்' என்பதிலிருந்து 'வெளிநாட்டவர்' ஆகலாம். ஸ்காலர்ஷிப் அதோடு போகுமா, தொடருமா என்பது ஒவ்வொரு இடத்திலும் வேறு. தொலைபேசியில் கேட்காதீர்கள். ஸ்காலர்ஷிப் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் நேரடியாகக் கேளுங்கள்: "என் மகன் அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். இப்போது எச்-4. படிப்பின் இடையில் எஃப்-1க்கு மாறினால் இந்த ஸ்காலர்ஷிப் அதே தொகையில் எட்டு செமஸ்டருக்கும் தொடருமா?" ஆம் என்று எழுத்தில் வந்த பிறகு முன்பணத்தைக் கட்டுங்கள்.