மேட்டிலும் பள்ளத்திலும் முழங்கால் ஸ்கூட்டர்: ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பதில்கள்

மழை பிடித்துக்கொண்டால் மலையில் கால் பிசகாத வீடு குறைவு. பாசி பிடித்த படி, தேயிலைத் தோட்டத்துச் சேறு, பஸ்ஸில் இருந்து அவசரமாக இறங்குவது என்று காரணம் ஏதாவது கிடைத்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, அடிபட்ட காலை மடக்கி வைத்து நல்ல காலால் உந்திப் போகும் முழங்கால் ஸ்கூட்டரைப் பற்றியது என்பதால் அவற்றையும், அதை ஒட்டிய சிலவற்றையும் எடுத்துக்கொண்டேன்.

சார், பாதம் பிரண்டு சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிந்துவிட்டது. ஜோன்ஸ் முறிவாம், ஆறு வாரம் காலைத் தரையில் வைக்கவே கூடாது என்கிறார் டாக்டர். பள்ளியில் வேலை. வீடு ரோட்டுக்குக் கீழே, படி இறங்கித்தான் போக வேண்டும். முழங்கால் ஸ்கூட்டர் வாங்கலாமா? (குன்னூர் ஆசிரியை)

முதலில் டாக்டர் சொன்னதை அப்படியே கேளுங்கள். ஐந்தாவது பாத எலும்பில் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு. கூடுவதற்கு நாளாகும், சிலருக்குக் கூடாமலே நின்றுபோய் ஸ்க்ரூ வைக்க வேண்டி வரும். "பாத்ரூம் வரைதானே" என்று நாலு அடி ஊன்றி நடப்பவர்கள்தான் பெரும்பாலும் அந்த வரிசையில் போய் நிற்கிறார்கள்.

இனி ஸ்கூட்டர். அடிபட்ட காலை முட்டியில் மடக்கி மெத்தைப் பலகை மேல் வைத்து, இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து, நல்ல காலால் தரையை உந்திப் போகிற வண்டி இது. பாதம், கணுக்கால், குதிகால் நரம்பு (கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு இணைக்கும் நாண்) என்று முட்டிக்குக் கீழே அடிபட்டவர்களுக்கு மட்டும்தான். முட்டியிலோ தொடையிலோ இடுப்பிலோ பிரச்சினை இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். நீண்ட வராந்தா, டைல்ஸ் தரை, வகுப்பறை, இதெல்லாம் இதற்கென்றே செய்த இடங்கள். கக்கத்தில் கட்டை அழுத்தும் வலி இல்லை, உள்ளங்கை எரியாது, முன்னால் கூடை மாட்டினால் நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் படிக்கட்டு வந்ததும் அது உங்களைச் சுமப்பதை விட்டு நீங்கள் அதைச் சுமக்க வேண்டியதாகிவிடும்.

அதனால் உங்களுக்கு என் யோசனை: ஸ்கூட்டர் பள்ளியிலேயே இருக்கட்டும். வீட்டுக்கும் படிக்கும் ஒரு ஜோடி ஊன்றுகோல். படியில் ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இரண்டு ஊன்றுகோலையும் மறு கையில் சேர்த்துப் பிடியுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே போகும், ஊன்றுகோல் பின்னால் வரும். இறங்கும்போது ஊன்றுகோல் முதலில், பிறகு நல்ல கால். கூட வருபவர் எப்போதும் உங்களுக்கு ஒரு படி கீழே நிற்க வேண்டும். மேலே நின்று கையை இழுப்பவர் உதவி செய்யவில்லை, உங்களோடு சேர்ந்து விழப் போகிறார். கைப்பிடியே இல்லாத, ஒன்று உயரம் ஒன்று பள்ளமான பழைய கல் படி என்றால் வெட்கப்படாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தால் நகர்ந்து இறங்குங்கள். ஈரத்துக்கு ஒரு பழைய ரெயின்கோட்டை மடித்துக் கீழே போட்டுக்கொள்ளலாம். நான் பலருக்கும் சொல்லிக் கொடுப்பது இதைத்தான், விழுந்தவர் யாரும் இல்லை.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை. வீட்டில் இந்தியன் டாய்லெட் என்றால் ஸ்கூட்டருக்கு முன்னால் கமோட் நாற்காலி வாங்குங்கள். ஒற்றைக் காலில் குத்துக்காலிட்டு எழுவது நடக்காத காரியம்.

வாசலில் படியை இடித்துவிட்டு சிமென்ட் சரிவு போட்டுவிட்டோம். மச்சான் ஸ்கூட்டரில் அதில் இறங்கலாமா? பிரேக் இருக்கிறதே. (கோத்தகிரி)

சரிவின் கணக்கைச் சொல்லுங்கள், அப்புறம் பிரேக்கைப் பற்றிப் பேசலாம். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதைக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 12க்கு 1. அதாவது ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். நம்ம ஊர் ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம்: கல்லாறில் இருந்து குன்னூர் வரை மலை ரயில் ஏறும் அதிகபட்சச் சரிவும் அதே 12க்கு 1தான். அதற்கே வெள்ளைக்காரன் நடுவில் பல் தண்டவாளம் போட்டு, எஞ்சினில் பல் சக்கரம் வைத்தான். உங்கள் சரிவில் பல்லும் இல்லை, மச்சானின் வண்டியிலும் இல்லை.

மூன்று அடி உயரத்துக்குப் பத்து பன்னிரண்டு அடியில் சரிவு போட்டிருந்தால் (பெரும்பாலான வீடுகளில் இடம் அவ்வளவுதான் இருக்கும்) அது 4க்கு 1. வேண்டவே வேண்டாம். கொத்தனாரிடம் ட்யூப் லெவல் இருக்கும், அளந்து பாருங்கள்.

இறக்கத்தில் இந்த வண்டி ஆளைக் கவிழ்ப்பதற்குக் காரணம் பிரேக் சரியில்லாததால் மட்டும் இல்லை. முட்டி பலகையில் மாட்டியிருக்கிறது, உடல் எடை முழுவதும் முன்னால் ஹேண்டில் மேல் சாய்கிறது, முன்சக்கரம் சின்னது. ஒரு கூழாங்கல் போதும், ஆள் ஹேண்டிலைத் தாண்டிப் போய்விடுவார். திருப்பத்திலும் இதே கதை, ஒரு கால் மேலே இருப்பதால் எடை ஒரு பக்கமாக இருக்கிறது, சட்டென்று ஒடித்தால் அடிபட்ட பக்கமாகவே சாயும், அப்போது அனிச்சையாக அந்தக் காலைத்தான் ஊன்றுவோம். திரும்பும்போது அகலமாக வளைத்துத் திரும்பச் சொல்லுங்கள். வண்டியில் ஏறும்போதும் வண்டியை விட்டு இறங்கும்போதும் பார்க்கிங் பிரேக்கைப் பூட்டச் சொல்லுங்கள்.

ஊட்டியில் இருந்து ஒரு கல்லூரித் தம்பியும் பொட்டானிக்கல் கார்டன் வாசலில் இருந்து சேரிங் கிராஸ் வரை "லேசான இறக்கம்தானே" என்று கேட்டிருக்கிறார். தம்பி, சுற்றுலா வண்டிகள் நடுவில், பனிமூட்டத்தில், ஒரு காலில். ஆட்டோ பிடியுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. கணுக்கால் முறிந்து கட்டு போட்டிருக்கிறது. அண்ணன் வெளிநாட்டில் இருந்து முழங்கால் ஸ்கூட்டர் அனுப்புகிறேன் என்கிறான். நாங்கள் ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இருக்கிறோம்.

அண்ணனுக்கு நன்றி சொல்லி, அந்தப் பணத்தில் நல்ல சக்கர நாற்காலி ஒன்று வாங்கச் சொல்லுங்கள், காலை நீட்டி வைக்கும் பலகை உள்ளதாக. அந்த வயதில் முட்டித் தேய்மானம் இல்லாதவர்கள் குறைவு, மண்டியிட்டு எடையைத் தாங்குவதே அம்மாவுக்குப் பெரிய வேதனையாக இருக்கும். ஒற்றைக் காலில் சமநிலையும் வேண்டும். கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற மட்டும் வாக்கர் போதும். ஹட்டியில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, வரிசை வீடுகளுக்கு முன்னால் சமமான முற்றம். வெயில் வரும் நேரத்தில் அம்மாவை அங்கே தள்ளிக்கொண்டு வந்து உட்கார வையுங்கள். நாலு பேர் வந்து பேசுவார்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு எலும்பு கூட வழக்கத்தை விட நாளாகும், சில சமயம் இரண்டு மடங்கு காலம் கட்டோடு இருக்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு வாரத்தில் பிரித்துவிட்டார்களே என்று டாக்டரை நெருக்காதீர்கள். தினமும் ராத்திரி *நல்ல* பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள், அடியில், விரல் இடுக்கில். இத்தனை நாள் இரண்டு பாதம் சுமந்ததை இப்போது அது ஒன்றே சுமக்கிறது. கொப்புளமோ சிவப்போ இருந்தால் அன்றே கவனிக்க வேண்டும்.

குளிருக்குக் கணப்புச் சட்டியைக் காலருகே வைக்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சுடுவது தெரியாது, தோல் வெந்த பிறகுதான் நமக்குத் தெரியும். ஹாட் வாட்டர் பையும் அப்படித்தான். கரிக் கணப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும், இது கால் சம்பந்தப்பட்டதே இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விரலுக்குத் தளர்வான கம்பளி சாக்ஸ் போதும்.

ஸ்கூட்டர் வாங்கி ஒரு வாரம். இப்போது முறிந்த கால் வலிக்கவில்லை, முட்டியும் இடுப்பும்தான் வலிக்கிறது. (கொடைக்கானல்)

உயரம் தப்பு. நல்ல காலில் வெளியே போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள், வெறுங்காலில் அளக்க வேண்டாம். அடிபட்ட முட்டி பலகையில் கிட்டத்தட்ட 90 டிகிரி மடங்கி இருக்க வேண்டும், இரண்டு இடுப்பும் ஒரே மட்டத்தில். பலகை உயரமாக இருந்தால் ஒரு பக்க இடுப்பு தூக்கிக்கொள்ளும், தாழ்ந்திருந்தால் நல்ல முட்டி மடங்கியே நிற்கும், இரண்டுமே முதுகைப் பிடிக்கும். ஹேண்டில் இடுப்பு உயரத்தில், முழங்கை லேசாக மடங்கும்படி. எடை முட்டிச் சில்லின் மேல் மட்டும் விழக் கூடாது, கெண்டைக்காலுக்கு முன்பக்க எலும்பும் பலகையில் படிய வேண்டும், பாதம் மட்டும் பின்னால் வெளியே நிற்கும். மெத்தை கெட்டியாக இருந்தால் ஒரு கம்பளியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். நீளமாக உந்தாமல் சின்னச் சின்னதாக உந்துங்கள். ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் நேரில் காட்டுங்கள்.

ஃபைபர் கட்டுதானே, நனைந்தால் என்ன? மாவுக்கட்டு மாதிரி கரையாதே.

கட்டு கரையாது. உள்ளே இருக்கும் பஞ்சு நனையும், மலைக் குளிரில் காயவே காயாது, தோல் ஊறிப் புண்ணாகும், நாற்றம் வந்த பிறகுதான் கண்டுபிடிப்பீர்கள். குளிக்கும்போது இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு மேலே டேப் ஒட்டி, கால் தொட்டிக்கு வெளியே. தப்பித் தவறி ஈரமாகிவிட்டால் ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்துக் காட்டலாம், சூட்டில் வேண்டாம். நன்றாக நனைந்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

குளிரில் விரல் நீலமாக இருக்கிறதே என்று பயந்தும் எழுதியிருக்கிறீர்கள். காலை உயர்த்தி வைத்து, சாக்ஸ் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து நகத்தை அழுத்தி விடுங்கள், இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்பினால் நிம்மதி. திரும்பவில்லை, மரத்துப்போகிறது, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற வலி, இதில் எது இருந்தாலும் கட்டு இறுகியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

கணுக்கால் முறிவுக்கு நாட்டுக் கட்டு போட்டால் சீக்கிரம் கூடும் என்கிறார் மாமா.

மாமாவோடு சண்டை வேண்டாம், எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிடுங்கள். கணுக்கால் ஒரு மூட்டு. அங்கே ஒரு மில்லிமீட்டர் விலகிக் கூடினாலும் எலும்புகள் ஒன்றோடொன்று தொடும் பரப்பு வெகுவாகக் குறையும், சில வருடத்தில் தேய்மானம் வரும். விலகல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும்தான்.

குதிகால் நரம்பு அறுந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. செக்கப்புக்குக் கோயம்புத்தூர் போய் வர வேண்டும். கெண்டைக்கால் வலிக்கிறது, ஆபரேஷன் வலிதானே? (ஊட்டி)

இருக்கலாம், ஆனால் "தானே" என்று நீங்களே முடிவு செய்யக் கூடாத வலி இது. அசையாமல் வைத்த காலில் ரத்தம் உறைவது நிஜமாகவே நடக்கும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலித்தால் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ சேர்ந்துகொண்டால் 108ஐக் கூப்பிடுங்கள். ஸ்கூட்டரில் முட்டியை மடக்கியே நெடுநேரம் நிற்பதும் ரத்தம் தேங்க இடம் கொடுக்கும், அதனால் அவ்வப்போது இறங்கி உட்கார்ந்து காலை நீட்டுங்கள், கட்டுக்குள் விரல்களை ஆட்டிக்கொண்டே இருங்கள். காரில் பின் சீட்டில் காலை நீட்டி வைத்துப் போங்கள், வழியில் மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் காலுக்கும் நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா என்று ஆபரேஷன் செய்தவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இடது பாதத்தில்தான் கட்டு. ஆட்டோமேட்டிக் கார் ஓட்டலாமா?

டாக்டர் சம்மதித்து, மயக்கம் தரும் வலி மாத்திரை நிறுத்திய பிறகு, ஊருக்குள் ஓட்டலாம். வலது பாதம் என்றால் பேச்சே இல்லை. கல்லட்டி மலைப்பாதையின் செங்குத்து இறக்கம் எங்கும் போய்விடாது, முதலில் எலும்பு கூடட்டும்.

ஸ்கூட்டரை எப்போது விடுவது? பழகிவிட்டது, விட மனமில்லை.

டாக்டர் "கொஞ்சம் கொஞ்சமாக எடை போடலாம்" என்று சொன்ன நாளில் இருந்து அது உங்களுக்கு இடைஞ்சல். அதில் கால் முழுதாக மேலே இருக்கும், அல்லது முழுதாகக் கீழே. பாதி எடை என்று ஒன்று அதில் கிடையாது. அந்தப் பாதியைத்தான் இப்போது பழக வேண்டும். ஊன்றுகோலுக்கு மாறுங்கள்.

எவ்வளவு எடை என்பதற்கு வீட்டில் எடை மிஷின் இருந்தால் போதும். மிஷின் மேல் அடிபட்ட கால், பக்கத்தில் அதே உயரத்துக்கு ஒரு பலகையில் நல்ல கால், பிடித்துக்கொள்ள மேசை. 60 கிலோ எடை உள்ளவருக்குக் கால் பங்கு என்று சொல்லியிருந்தால் முள் 15இல் நிற்கும் வரை அழுத்துங்கள். அந்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்பதைப் பாதம் மனப்பாடம் செய்துகொள்ளட்டும், பிறகு நடக்கும்போது அதையே திரும்பச் செய்யுங்கள். முதல் சில நாள் சாயங்காலம் பாதம் வீங்கும், இதயத்துக்கு மேலே உயர்த்திப் படுத்தால் காலையில் வடிந்திருக்க வேண்டும். வடியவில்லை, வலி நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் ஒரு படி பின்னால் போய் டாக்டரைப் பாருங்கள். கெண்டைக்கால் சதை மெலிந்திருக்கும், அது திரும்ப மாதக்கணக்காகும், முதல் நாளே தோட்டத்து மேட்டில் ஏறிப் பார்க்க வேண்டாம்.

வண்டியைத் தெருவில் அடுத்து அடிபடுபவருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கொடுக்கும் முன் பிரேக் கேபிள், ஹேண்டில் போல்ட், மடக்கும் இடத்துப் பூட்டு மூன்றையும் முடுக்கிவிட்டுக் கொடுங்கள். அவர் எடையை வண்டியில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உயரத்தைப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள்.