கபிலருக்குப் பிறகும் பாடியவர்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். வயது 24. அந்தேரியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பகுதியில் ஏறத்தாழ ஒரே வயதுள்ள சிலர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தொண்ணூறடிச் சாலைக்கு அருகே ஒரு தையற்கூடத்தில் கூடுகிறோம். அன்று அங்கே மெஷின் ஓடாது. ஒருத்தி ஓவியம் வரைகிறாள். ஒருவன் பாட்டுக் கட்டுகிறான். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. இந்தி வழியில் படித்தவன். தமிழ் வரிகளைத் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறான். இன்னொருவன் சிறுகதை எழுதுகிறான்.

அவனுடைய கதை ஒன்று இந்த ஆண்டு ஓர் இதழில் வெளிவந்தது. சைக்கிளில் இட்லி விற்கப் போகும் அப்பாவின் கதை. வீட்டில் பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது. அது விழித்துவிடக் கூடாது என்று, சந்து முனையைத் தாண்டும்வரை அவர் ஹாரனின் வாயில் ஒரு துணியைத் திணித்து வைத்திருப்பார். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கூட்டத்தை நடத்துவது நான்தான். எல்லோருடைய படைப்புகளையும் படித்து, அறிமுகம் எழுதி, கைப்பிரதி இதழாகத் தொகுத்து ஜெராக்ஸ் எடுத்து விநியோகிக்கிறேன். “உன்னைப் போல் ஊக்கப்படுத்த ஆள் கிடையாது” என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. இவர்களே எழுதிவிட்டார்கள், நான் புதிதாக எதைச் சொல்லப்போகிறேன் என்று தோன்றுகிறது. நண்பனின் கதை வந்த அன்று எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். மனதார மகிழ்ந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை, நெஞ்சில் ஒரு பாரம். இது பொறாமையா? கொண்டாடுகிறவர்கள் வேறு, எழுதுகிறவர்கள் வேறா? உங்களை எது எழுத வைத்தது? கூட்டம் நடத்துவதை விட்டுவிட்டால் எனக்கு எழுத்து வருமா?

ச., தாராவி

அன்புள்ள ச.,

கூட்டத்தை நிறுத்தாதீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டேன், அதுதான் அவசரம் என்பதால். வேலை நாள் முழுவதும் பிறர் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, கூட்டம் வழியும் ரயிலில் வீடு திரும்புகிற ஒருவர், கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையை நண்பர்களின் எழுத்துக்குக் கொடுக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்தில் தமிழ் எழுத்து பிழைத்திருப்பது இப்படிப்பட்டவர்களால்தான்.

இனி, ‘இவர்களே எழுதிவிட்டார்கள், எனக்கு என்ன மிச்சம்’ என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். இது தமிழில் மிகப் பழைய கவலை. புறநானூற்றின் 126ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பாடியவர் மாறோக்கத்து நப்பசலையார். மாறோக்கம் என்பது கொற்கையைச் சுற்றியுள்ள பகுதி. தாராவித் தமிழர்களில் பெரும்பாலோரின் வேர் திருநெல்வேலிச் சீமையில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் அவர் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். மலையமான் திருமுடிக்காரியைப் பாட வருகிறார். ஆனால் அதே காரியைக் கபிலர் ஏற்கெனவே பாடிவிட்டார். கபிலருக்குப் பிறகு பாட வருவது என்றால் சாதாரண விஷயமா? நப்பசலையார் அதை மறைக்கவில்லை. அரசன் முன்னாலேயே சொல்கிறார்: ‘புலன் அழுக்கற்ற அந்தணாளன்’ உன்னைப் பாடிவிட்டான், இனிப் பாடி வருகிறவர்களுக்கு இடமே இல்லாதபடி பாடிவிட்டான். பிறகு ஓர் உவமை. சேரன் மேலைக் கடலில் பொன் கொண்டுவரும் கப்பலை ஓட்டிய வழியில் வேறு கலங்கள் செல்ல முடியாது, எங்கள் நிலையும் அப்படித்தான் என்கிறார்.

பாட்டு அங்கே முடிந்திருந்தால் உங்கள் கடிதமும் அதுவும் ஒன்று. முடியவில்லை. ‘இன்மை துரப்ப’ என்று தொடர்கிறார். வறுமை விரட்ட, உன் புகழ் இழுத்துவர, வந்து நின்று உன் கொடையைப் பற்றிச் சில சொல் தொடுத்தோம் என்கிறார். எனக்கு மலைப்பாக இருப்பது இதுதான்: இடமில்லை என்று சொல்வதற்கு அவர் எழுதிய வரிகளே அவருடைய இடமாகிவிட்டன. கப்பல் உவமை கபிலருடையது இல்லை, நப்பசலையாருடையது. கபிலரைப் பற்றித் தமிழ் சொன்ன மிக உயர்ந்த சொற்களில் ஒன்று, அவருக்குப் பிறகு பாட வேண்டிய கட்டாயத்தில் நின்ற ஒரு பெண் சொன்னது. பாராட்டும் பாட்டும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன.

இன்னொருவர், பொருந்தில் இளங்கீரனார். அவர் நிலைமை இன்னும் மோசம். சேர அரசன் அவரிடமே, ‘கபிலன் இன்று இருந்தால் நன்றாக இருந்திருக்கும்’ என்று சொல்லியிருக்கிறான். முகத்துக்கு நேரே! அதையும் மறைக்காமல் தன் பாட்டுக்குள் வைத்து, கபிலரின் புகழையும் சொல்லி, உன் வெற்றிக்கு ஏற்ப நானும் பாடுவேன் என்று முடிக்கிறார். புறநானூற்றில் 53ஆம் பாட்டு. இந்த இரண்டு பாட்டுகளையும் அடுத்த கூட்டத்தில் வாசித்துப் பேசுங்கள். இரண்டும் சேர்ந்து சில நிமிடங்கள்தான் ஆகும்.

ஆகவே கொண்டாடுகிறவர்கள் வேறு, எழுதுகிறவர்கள் வேறு என்ற பிரிவை நான் ஏற்கவில்லை. உங்களை வைத்தே சொல்கிறேன். நண்பரின் முழுக் கதையிலிருந்து நீங்கள் எனக்கு எடுத்துக் காட்டியது ஹாரன் வாயில் திணித்த அந்தத் துணியை. ‘அருமை’, ‘நெஞ்சைத் தொட்டது’ என்று எழுதியிருந்தால் நான் அந்தக் கதையை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். துணியைச் சொன்னீர்கள், ஒரு தகப்பனை முழுதாகப் பார்த்துவிட்டேன். விற்பனைக்கு அந்த ஓசைதான் மூலதனம், அதையே அடைத்து வைக்கிறார். இதைக் கண்டுகொள்ளும் கண் எழுதுகிறவருடைய கண்தான்.

அந்தக் கண்ணை இன்னும் கொஞ்சம் உள்ளே செலுத்துங்கள். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இட்லிக்காரர் வீடுகளில் நடுநிசியிலேயே அடுப்பு எரியும். ஆவி சூழ்ந்த அந்த அறையில் தட்டுத் தட்டாக ஊற்றி எடுப்பது யார்? சட்டினியைத் தூக்கில் ஊற்றி அழுத்தி மூடுவது யார்? காய்ச்சல் பிள்ளைக்கு இடையிடையே நெற்றியில் ஈரத் துணி போடுவது யார்? நண்பரின் கதை சைக்கிளோடு தெருவுக்குப் போய்விட்டது, அது அந்தக் கதையின் நியாயம். வீட்டுக்குள் நிற்கிற அந்த அம்மா உங்கள் கடிதத்தில் இல்லை. கதையிலும் இல்லையென்றால், அவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதியதை உற்றுப் படித்தால் அவர் எழுதாமல் விட்டதும் கண்ணில் படும். நுனிப்புல் மேய்ந்து எல்லோரையும் ஒரே அளவில் பாராட்டுகிறவர்களுக்கு இது தெரியாது. அதனால்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கைப்பிரதி இதழில் நீங்கள் எழுதும் அறிமுகங்களில் பொதுப் பாராட்டை வெட்டுங்கள். எந்த வரி, எந்த நிறம், எந்தத் தாளக்கட்டு என்று சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் முதுகு சொறிந்துகொள்ளும் கூட்டங்கள் சீக்கிரமே கலைந்துபோகும். உங்கள் கூட்டம் அப்படி ஆகிவிடக் கூடாது.

என்னை எழுத வைத்தது எது என்று கேட்டிருந்தீர்கள். நான் மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் வளர்ந்தவள். எங்கள் வரிசை வீடுகளில் பெண்களுக்கு எழுதத் தெரியாது. ஊருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையான என்னைக் கூப்பிடுவார்கள். நீலநிற இன்லேண்ட் கடிதத்தாள். ஓரங்களில்கூட இடம் விடாமல் எழுத வேண்டும், காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. பக்கத்து வீட்டு மதினி ஒருவர் தன் அம்மாவுக்குச் சொல்லச் சொல்ல எழுதுவேன். ஒருமுறை, குழாயில் தண்ணீர் வரவில்லை, சண்டையில் குடத்தால் இடித்துவிட்டார்கள், தோளைத் தூக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் எழுதினேன். முடிந்ததும் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தத் தோள் விஷயத்தை அடித்துவிடு தாயி, அம்மா சாப்பிடமாட்டாள்” என்றார். அடித்தேன். வெளியே தெரியாதபடி நன்றாக அடிக்கச் சொன்னார். பேனா மையைத் தடவித் தடவிக் கறுப்பாக்கினேன். ‘இங்கே எல்லோரும் நலம்’ என்ற வரி மட்டும் பளிச்சென்று நின்றது.

அன்று முதல் அந்தக் கறுப்புக் கட்டத்துக்குக் கீழே இருப்பதை எழுத வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. நப்பசலையாரை வறுமை விரட்டியது. என்னை விரட்டுவது அடிக்கப்பட்ட அந்த வரிகள். புகழ் ஆசை எனக்கும் உண்டு, அது இருக்கட்டும். ஆனால் புகழ் வராத ஆண்டுகளில் எழுத வைத்தது அது இல்லை. உங்களை விரட்டுவது எது என்று என்னால் சொல்ல முடியாது. ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு அன்றிரவு வராத தூக்கம் சாட்சி. நண்பரின் வெற்றி உங்களுக்கு வலித்திருந்தால் இனிப்பு வாங்கியிருக்க மாட்டீர்கள். உங்களுக்குள் எழுதப்படாமல் கிடப்பது வலித்திருக்கிறது. அதைப் பொறாமை என்று பெயரிட்டு உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். அந்த இரவில் எழுந்து உட்கார்ந்து நான்கு வரி எழுதுங்கள்.

பிறருக்காக உழைத்தால் சொந்த எழுத்து போய்விடும் என்ற பயத்துக்குப் பதில் சொல்ல எழுத்தாளர் சி. சு. செல்லப்பா ஒருவரே போதும். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். புதுக்கவிதைக்கு வேறெங்கும் இடமில்லாத காலத்தில் பக்கம் ஒதுக்கினார். 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்துப் ‘புதுக்குரல்கள்’ என்று வெளியிட்டார். புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இதற்கு நடுவில் தன் கதைகளையும் விமர்சனங்களையும் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் பட்ட பணக் கஷ்டத்தை நான் போற்றிப் பாடப்போவதில்லை. நீங்கள் அந்த அளவுக்குச் சொந்தக் காசைப் போடவும் வேண்டாம். ஜெராக்ஸ் செலவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

நம் நகரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1976இல் அருண் கொலாட்கர், ஆதில் ஜஸ்ஸாவாலா, அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா, கீவ் படேல் ஆகிய நான்கு கவிஞர்கள் கூடி ‘கிளியரிங் ஹவுஸ்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். பெரிய பதிப்பாளர்களின் வாசலில் காத்திருக்காமல் தங்கள் தொகுப்புகளைத் தாங்களே கொண்டுவந்தார்கள். பின்னர் மற்றவர்களுடையதையும் வெளியிட்டார்கள். கொலாட்கர் விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர், கீவ் படேல் மருத்துவர். வேலையை வைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் செய்தார்கள். வேலைக்காக 1970களில் மும்பைக்கு வந்த நாஞ்சில் நாடனின் முதல் கதையும், அவர் இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1975இல் ‘தீபம்’ இதழில்தான் வெளியானது. நேரம் கிடைக்கவில்லை என்று நீங்கள் புகார் சொல்லாததால் இதை நீட்டவில்லை.

தேவநாகரியில் தமிழ் எழுதும் தம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. அவரை யாரும் கேலி செய்ய விடாதீர்கள். வீட்டிலும் தெருவிலும் கேட்ட தமிழைக் கையில் கிடைத்த எழுத்தில் பிடித்து வைத்திருக்கிறார். அது மொழி மீதுள்ள ஆசை. அதே சமயம், அப்படியே விட்டுவிடவும் கூடாது. தேவநாகரியில் ‘ழ’வையும் ‘ற’வையும் அவர் எப்படிக் குறிக்கிறார்? பாட்டுக்காரருக்கு அது முக்கியம். கூட்டம் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் யாராவது அவரோடு உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுங்கள். அவருடைய பாட்டு வரிகளையே பாடமாக வைத்துக்கொண்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்கள் உங்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள், அவர்களிடம் ஒப்படையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் முதல் வாசிப்பு உங்களுடையதாக இருக்கட்டும். மற்றவர்கள் படித்து முடித்த பிறகு, நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று கடைசியில் வைத்துக்கொண்டால், ஒருங்கிணைப்பாளருக்கு நேரம் மிஞ்சவே மிஞ்சாது. ஒரு பக்கம் போதும், அரைகுறையாக இருந்தாலும் பாதகமில்லை. நண்பரின் ஹாரன் துணியை நீங்கள் கண்டெடுத்த மாதிரி உங்கள் பக்கத்திலிருந்து ஒன்றைக் கண்டெடுத்துச் சொல்லும்படி அவர்களைக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கைப்பிரதி இதழின் கடைசிப் பிரதி ஒன்றும், உங்கள் பக்கம் இடம்பெறும் அடுத்த பிரதி ஒன்றும் எனக்கு அனுப்பிவையுங்கள். இலவசமாக வேண்டாம். அட்டையில் விலை போடுங்கள், இரண்டுக்கும் தபால் செலவோடு சேர்த்துப் பணம் அனுப்புகிறேன். ஓவியம் வரையும் பெண்ணிடம் சொல்லி, அட்டைப்படம் வரைந்தவர் பெயரை உள்பக்கத்தில் பொடி எழுத்தில் போடாமல் அட்டையிலேயே போடச் சொல்லுங்கள்.

அன்புடன்
அக்கா