ரெட்டைக் குழந்தை: சுகப்பிரசவமா, சிசேரியனா? கேட்டவர்களுக்கு ஒரு மகப்பேறு டாக்டரின் பதில்கள்

அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். ரெட்டைக் குழந்தை சுமப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டேன். உங்களைப் பார்க்கும் டாக்டர் கையில்தான் உங்கள் ரிப்போர்ட் இருக்கிறது, அவரிடம் உட்கார்ந்து பேசுவதற்கு இது உதவட்டும்.

கேள்வி: 12 வாரம் ஆகிறது மேடம். ட்வின்ஸ் என்று ஸ்கேனில் சொன்னதுமே மாமியார் வீட்டில் எல்லாரும் ஆபரேஷன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்படித்தானா?

இல்லைம்மா. எப்படிப் பெற்றெடுப்பது என்று இப்போது யாரும் முடிவு பண்ண வேண்டியதே இல்லை. ஆனால் இப்போது விட்டால் பிறகு சரியாகக் கிடைக்காத ஒரு தகவல் இருக்கிறது, அதை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். நஞ்சு, அதாவது குழந்தைக்கு ரத்தம் கொண்டுபோகும் நஞ்சுக்கொடி, ஒன்றா இரண்டா, பனிக்குடம் ஒன்றா இரண்டா என்பதுதான் அது. 11 வாரத்தில் இருந்து 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும், மாதம் ஏற ஏறக் கண்டுபிடிப்பது கஷ்டம். ரிப்போர்ட்டில் டி.சி.டி.ஏ. என்று இருந்தால் தனித்தனி நஞ்சு, தனித்தனி பனிக்குடம். எம்.சி.டி.ஏ. என்றால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. ஒரே நஞ்சில் இருந்து ரத்தம் பங்கு போவதால் ஒரு குழந்தைக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போய்விடும் ஆபத்து உண்டு, அதனால் 16 வாரத்தில் இருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் தவறவே கூடாது. இந்த இரண்டு வகையிலும் மற்றதெல்லாம் சரியாக இருந்தால் சுகப்பிரசவத்துக்கு வழி உண்டு. எம்.சி.எம்.ஏ. என்றால் இரண்டும் ஒரே பனிக்குடத்தில் இருக்கும், தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். அதற்கு சிசேரியன்தான், அதுவும் பெரும்பாலும் 32 முதல் 34 வாரத்துக்குள். நல்லவேளையாக இந்த வகை ரொம்ப அரிது.

கேள்வி: 34 வாரம். முதல் குழந்தை தலை கீழே, இரண்டாவது குறுக்கே கிடக்கிறது. ஒரு டாக்டர் நார்மல் பார்க்கலாம் என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியிருக்கலாம், அதனால்தான் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் முதல் குழந்தை என்கிறோம். அதன் தலை கீழே இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்கு இருக்கிறது. இரண்டாவது குழந்தை இப்போது எப்படிக் கிடந்தாலும் அதை வைத்து ரொம்பக் கவலைப்படாதீர்கள். முதல் குழந்தை வெளியே வந்ததும் உள்ளே திடீரென்று இடம் கிடைக்கும், தலை கீழே இருந்தது குறுக்கே போகும், குறுக்கே இருந்தது நேராகும். அந்த நேரத்தில் ஒருவர் வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஸ்கேனில் நிலையைப் பார்க்க வேண்டும், இதயத்துடிப்பை விடாமல் கவனிக்க வேண்டும், வலி நின்றுபோனால் ட்ரிப்பில் ஆக்ஸிடோசின் ஏற்ற வேண்டும். அப்படியும் குறுக்கே கிடந்தால் கையை உள்ளே விட்டுக் காலைப் பிடித்துத் திருப்பி இறக்குவோம். பழகிய கைக்குச் சில நிமிட வேலை, பழகாத கைக்கு ஆபத்தான வேலை. சிசேரியன் பெருகப் பெருக இந்தக் கைப்பழக்கம் குறைந்துகொண்டே வருகிறது, எனக்கு இது பெரிய வருத்தம். உங்கள் இரண்டாவது டாக்டர், தன்னிடம் அந்தப் பழக்கமோ தன் மருத்துவமனையில் அந்த வசதியோ இல்லை என்பதால் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தால், அது நேர்மையான பதில்.

2013-ல் வெளியான ட்வின் பர்த் ஸ்டடி என்ற ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடா டாக்டர்கள் முன்னின்று 25 நாடுகளில் நடத்தியது, உங்களைப் போலவே முதல் குழந்தைக்குத் தலை கீழே இருந்த சுமார் 2,800 தாய்மார்கள், 32 வாரத்துக்கு மேல். சிசேரியன் என்று திட்டமிட்டவர்களில் குழந்தை இறப்பு அல்லது கடுமையான பாதிப்பு 2.2 சதவீதம், சுகப்பிரசவம் என்று திட்டமிட்டவர்களில் 1.9 சதவீதம். அதாவது குழந்தைக்குச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் 100-க்கு 44 பேருக்குக் கடைசியில் சிசேரியன் ஆனது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நீங்கள் இரண்டு டாக்டரிடமும் கேட்க வேண்டியது இதுதான்: ராத்திரி 2 மணிக்கு எனக்கு வலி வந்தால், இரண்டாவது குழந்தையைக் கால் பிடித்து எடுக்கத் தெரிந்தவர் வார்டில் இருப்பாரா? மயக்க மருத்துவர் கட்டடத்துக்குள்ளேயே இருப்பாரா, போன் போட்டு வரவழைப்பீர்களா? குழந்தை டாக்டர்? ரத்தம்? இந்த நாலுக்கும் யார் தெளிவாக ஆமாம் என்கிறாரோ அங்கே சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாம். தடுமாறினால் திட்டமிட்ட சிசேரியனே மேல், நானே அப்படித்தான் சொல்லி அனுப்புவேன். இன்னொன்று, இரண்டாவது குழந்தை முதல் குழந்தையைவிட நிறைய எடை கூடுதலாக இருந்தாலும் நாங்கள் யோசிப்போம்.

கேள்வி: ஒன்று நார்மலாகப் பிறந்து, இன்னொன்றுக்கு ஆபரேஷன் ஆகுமா? அந்தப் பயத்திலேயே தூக்கம் வரவில்லை அக்கா.

ஆகலாம். மேலே சொன்ன ஆய்வில் சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் 100-க்கு 4 பேருக்கு அப்படி ஆனது. கீழே தையலும் வயிற்றில் தையலுமாக உடம்பு தேறக் கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மற்ற 96 பேருக்கு அப்படி ஆகவில்லை என்பதையும் ராத்திரி நினைத்துக்கொள் தங்கச்சி.

கேள்வி: முதல் குழந்தை உட்கார்ந்த நிலையில் இருக்கிறது. காத்திருந்து பார்க்கலாமா?

37 வாரம் வரை திரும்புகிறதா என்று பார்க்கலாம். திரும்பாவிட்டால் சிசேரியன். இதில் நான் வாதாட மாட்டேன்.

கேள்வி: வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட்டால் முக்க முடியாது என்கிறார்களே?

போட்டுக்கொள்ளுங்கள். ரெட்டைக்கு நானே சிபாரிசு செய்வேன், ஏனென்றால் இரண்டாவது குழந்தைக்காகக் கையை உள்ளே விட வேண்டி வந்தாலோ அவசரமாக ஆபரேஷன் என்றாலோ மரத்துப்போகும் மருந்துக்கு வழி முதுகில் தயாராக இருக்கும்.

கேள்வி: எங்கள் காலத்தில் ஊரில் மருத்துவச்சி வைத்து வீட்டிலேயே ரெட்டைப் பிள்ளை பெத்தாங்க. இப்போ எதுக்குப் பொண்ணை இவ்வளவு பயமுறுத்துறீங்க?

அம்மா, பெத்துப் பிழைத்தவர்கள்தான் நம் கண் முன்னால் இருக்கிறார்கள். ரத்தம் போய் இறந்தவர்களைப் பற்றி வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை. இரண்டு குழந்தையைச் சுமந்து விரிந்த கர்ப்பப்பை, பிரசவம் ஆனதும் சட்டென்று சுருங்காமல் தொளதொளவென்று கிடக்கும், அப்போது குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் போகும். சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டிலும் இது நடக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், இரண்டு ஆண் குழந்தைகளும் நன்றாக அழுதுகொண்டிருக்க, தாய்க்கு நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினோம், அவள் கணவனும் மச்சானும் ராத்திரியோடு ராத்திரியாக ரத்தம் கொடுத்தார்கள், பிழைத்தாள். வந்த நாளில் அவளுக்கு ஹீமோகுளோபின் 7. இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்று சாப்பிடவே இல்லையாம். உங்கள் பெண்ணைப் பயமுறுத்த வேண்டாம் அம்மா, அந்த மாத்திரையைத் தினமும் பக்கத்தில் நின்று சாப்பிட வையுங்கள், அது போதும்.

கேள்வி: ஜோசியர் 35-வது வாரத்தில் ஒரு நல்ல நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கே சிசேரியன் பண்ணச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். நுரையீரலுக்கு அந்த இரண்டு வாரம் தேவை. சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் தனித்தனி நஞ்சுக்கு 37 வாரம் முடிந்த பிறகு, ஒரே நஞ்சுக்குப் பெரும்பாலும் 36 முடிந்த பிறகு என்பதுதான் கணக்கு. டாக்டர் கொடுக்கும் அந்த நாட்களுக்குள் ஒரு நல்ல நாள் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. குழந்தையை இன்குபேட்டரில் வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கும் தாயைத் தினமும் பார்க்கிறவள் நான்.

கேள்வி: ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) குழந்தைகள், ரிஸ்க் எடுக்காதீர்கள், சிசேரியன்தான் என்று தனியார் மருத்துவமனையில் சொல்கிறார்கள். சரியா மேடம்?

ஐ.வி.எஃப். என்பது மட்டும் சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. வயது, பிரஷர், சர்க்கரை, குழந்தை நிலை என்று வேறு காரணம் இருந்தால் அதைச் சொல்லச் சொல்லுங்கள். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 100-க்கு 64 சிசேரியன், அரசில் 36, ஆகவே காரணம் கேட்பதில் தப்பே இல்லை. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தழும்பு இருக்கும் கர்ப்பப்பையில் அடுத்த முறை நஞ்சு கீழே இறங்கி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடிக்கொண்டே போகும். இதையெல்லாம் கேட்டபிறகும் நீங்களே சிசேரியன்தான் வேண்டும் என்றால், அது உங்கள் உடம்பு, உங்கள் முடிவு, அதற்காக யாரும் உங்களைக் குறைவாகப் பேசக் கூடாது.

கேள்வி: மனைவிக்கு முதல் பிரசவம் சிசேரியன். இப்போது ட்வின்ஸ்.

பழைய தையல் குறுக்காகக் கீழே போட்டது, ஒரே ஒரு முறைதான், வலி தானாக வருகிறது, பெரிய மருத்துவமனை என்று எல்லாம் கூடிவந்தால் முயற்சிக்கு இடம் உண்டு தம்பி. நடைமுறையில் இங்கே பெரும்பாலும் மறுபடி சிசேரியன்தான் செய்கிறோம், தழும்பு விட்டுப்போகும் பயம்தான் காரணம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வையுங்கள், தையல் எப்படிப் போட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும்.

கேள்வி: 32 வாரம். பக்கத்து ஊரில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் மட்டும்தான் இருக்கிறது. திடீரென்று வலி வந்தால்?

ரெட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன, அதனால் இதை இன்றைக்கே யோசிக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் சீமாங் மையமும் (பிரசவ, பச்சிளங்குழந்தை அவசர சிகிச்சை மையம்) பச்சிளங்குழந்தைப் பிரிவும் சேர்ந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்று உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டு, ஒருமுறை நேரில் போய்ப் பதிவு பண்ணிவிட்டு வாருங்கள். வலியோ, தண்ணீர் உடைவதோ, ரத்தமோ, எது வந்தாலும் நர்சிங் ஹோமில் இறங்காமல் 108-ஐக் கூப்பிட்டு நேராக அங்கே போங்கள். 34 வாரத்துக்கு முன்னால் என்றால் குழந்தைகளின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், அது வேலை செய்ய நேரம் வேண்டும், அதனால்தான் சீக்கிரம் வரச் சொல்கிறேன். குறைமாதக் குழந்தைகளைப் பிறந்தபிறகு வண்டியில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட வயிற்றுக்குள் வைத்தே கொண்டுவருவது எவ்வளவோ பத்திரம். முதல் ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த குரூப் எழுதிய தாய் சேய் அட்டை, உங்கள் குரூப்பில் ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரின் போன் நம்பர், மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கதவுப் பக்கம் மாட்டி வையுங்கள்.