இது இருந்தால் அது இருக்கும்: சார்பில் தோற்றம் பற்றிக் கேள்வி பதில்

பௌத்தத்தின் பன்னிரு நிதானங்கள் (ஒன்றைச் சார்ந்து ஒன்றாகத் துன்பம் வரை போகும் பன்னிரண்டு காரணங்கள்) பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பாலியில் இதற்குப் படிச்சசமுப்பாதம் என்று பெயர், வடமொழியில் பிரதீத்யசமுத்பாதம். மணிமேகலை "சார்பின் தோன்றி" என்று சொல்வதால் நான் சார்பில் தோற்றம் என்றே எழுதப்போகிறேன்.

சார், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இது என்ன?

இது இருந்தால் அது இருக்கும், இது தோன்றினால் அது தோன்றும். இது இல்லையென்றால் அது இல்லை, இது நின்றால் அது நிற்கும். அவ்வளவுதான். ஆனால் இதைப் புத்தர் எங்கே பொருத்திப் பார்த்தார் என்பதுதான் முக்கியம். ஒருமுறை காசியபன் என்ற நிர்வாணத் துறவி, புத்தர் பிச்சைக்குப் போகும் வழியில் மறித்துக் கேட்கிறான்: துன்பத்தை அவரவர்தான் செய்துகொள்கிறாரா, வேறொருவர் செய்கிறாரா, இரண்டுமா, அல்லது சும்மா வந்து விழுகிறதா? நான்குக்குமே "அப்படிச் சொல்லாதே" என்றுதான் பதில் வருகிறது. சில நிலைமைகள் கூடியதால் துன்பம் வந்தது, அந்த நிலைமைகள் கலைந்தால் அதுவும் கலையும் என்பது அவர் சொன்ன ஐந்தாவது வழி.

படித்ததும் புரிந்துவிட்டது போல இருக்கிறதே என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தரும் இதையே சொன்னார், ஆழமான விஷயம் என்கிறார்கள், எனக்கோ தெளிவாகத் தெரிகிறது என்று. "அப்படிச் சொல்லாதே ஆனந்தா, இதை உணராததால்தான் இந்த மக்கள் சிக்கு விழுந்த நூல்கண்டு போல் கிடக்கிறார்கள்" என்றார் புத்தர்.

பன்னிரண்டும் எவை? தமிழில் சொல்ல முடியுமா அண்ணா?

மணிமேகலை எழுதிய சாத்தனார் முன்பே சொல்லி வைத்திருக்கிறார், தம்பி. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். காஞ்சியில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்குச் சொல்வதாக வரும் முப்பதாவது காதையில் ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் இருக்கிறது. பேதைமைக்கு அவர் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள்: கண்ணால் கண்டதை மறந்துவிட்டு, முயலுக்குக் கொம்பு உண்டு என்று யாரோ சொன்னதை நம்புவது. வெறும் அறியாமை என்பதைவிட இது எவ்வளவு கூர்மையாக இருக்கிறது! தெரியாமல் இருப்பது ஒன்று, தெரிந்ததை விட்டுவிட்டுத் தவறானதைத் தெளிவாக நம்புவது வேறொன்று. வேட்கை என்பது "நுகர்ச்சி ஆராமை", எவ்வளவு நுகர்ந்தும் நிறையாமல் இருப்பது. பற்று என்பது "பசைஇய அறிவு", ஒட்டிக்கொண்ட அறிவு. கையில் பலாப்பால் பட்டால் தெரியும், தேய்க்கத் தேய்க்கப் பரவும்.

அருவுரு என்றால் மனமும் உடலும், வாயில் என்றால் மனத்தையும் சேர்த்து ஆறு புலன்கள், ஊறு என்றால் புலனும் பொருளும் உணர்வும் ஒன்று கூடும் இடம். பவம் என்பதை 'ஆகிக்கொண்டிருத்தல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். தோற்றம் என்றால் பிறப்பு, கடைசியில் உள்ள வினைப்பயன் என்றால் அதன்பின் வரும் மூப்பும் சாவும்.

பட்டியல் பேதைமையில் தொடங்குகிறது, ஆனால் புத்தர் தேடியது அந்த வரிசையில் இல்லை. மூப்பும் சாவும் எது இருப்பதால் இருக்கின்றன என்று கடைசியிலிருந்து பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனார். காட்டில் அலையும் ஒருவன் பழைய பாதை ஒன்றைக் கண்டு, அதன்வழியே போய்ப் பாழடைந்த நகரத்தைக் கண்டுபிடிப்பது போல என்று அவரே உவமை சொல்கிறார். முதல் கண்ணியிலிருந்து மனப்பாடம் செய்பவர்களுக்கு இது ஏதோ பிரபஞ்ச உற்பத்திக் கதை போலத் தோன்றுவதற்குக் காரணம், அந்தப் பின்னோக்கிய தேடலைத் தவறவிடுவதுதான்.

உலகத்தில் எல்லாம் எல்லாவற்றோடும் பின்னிப் பிணைந்திருக்கிறது என்பதுதானே இதன் பொருள்?

ஆரம்ப நூல்களில் அப்படி இல்லை. பிற்காலத்தில் சீனாவின் ஹுவாயன் மரபு அந்தத் திசையில் போனது, அழகான சிந்தனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பாலி சுத்தங்களில், அதாவது பாலி மொழியில் உள்ள புத்தரின் உரைகளில், கேள்வி குறுகலானது: இந்தத் துன்பம் எதைச் சார்ந்து நிற்கிறது? எல்லாம் எல்லாவற்றையும் சார்ந்திருந்தால் எதையுமே நிறுத்த முடியாது. இன்னது இன்னதைச் சார்ந்தது என்று தெரிந்தால்தான் கை வைக்க இடம் கிடைக்கும். எண்ணெயும் திரியும் இருக்கும்வரை விளக்கு எரிகிறது. எண்ணெய் ஊற்றுவதை விட்டால் போதும், ஊரில் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

அப்படியானால் இதுவும் தலையெழுத்துதானே? போன பிறவியில் செய்தது இப்போது வருகிறது என்பதுதானே?

இல்லை, இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சீவகன் என்ற ஊர் சுற்றும் துறவி, மனிதர் அனுபவிப்பது எல்லாம் முன்வினைதான் என்கிறார்களே என்று கேட்டபோது, பித்தத்தாலும் கபத்தாலும் வாதத்தாலும் வேதனை வருகிறது, பருவநிலை மாறுவதாலும் வருகிறது, ஒருவர் தாக்குவதாலும் வருகிறது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எல்லாவற்றையும் முன்வினை என்பவர்கள் கண்முன் தெரிவதைத் தாண்டிப் போகிறார்கள் என்றுதான் புத்தர் சொன்னார். நோயாளியைப் பார்க்கப் போய் "எல்லாம் கர்மா" என்று சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆன்மா இல்லை என்கிறீர்கள். அப்படியானால் மறுபடி பிறப்பது யார்?

பதினொரு பேர் கேட்டிருக்கிறீர்கள். சாதி என்ற பிக்கு, மீன் பிடிப்பவர் மகன், இதே உணர்வுதான் மாறாமல் பிறவி பிறவியாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். புத்தர் அவரைக் கூப்பிட்டுக் கடுமையாகவே திருத்தினார். விறகைச் சார்ந்து எரிந்தால் விறகுத் தீ, சாணத்தைச் சார்ந்து எரிந்தால் சாணத் தீ. அதேபோல் கண்ணைச் சார்ந்தால் கண் உணர்வு, காதைச் சார்ந்தால் காது உணர்வு. இரண்டுக்கும் நடுவே பயணம் போகும் 'தீ' என்று தனியாக ஒன்று இல்லை.

பக்குனன் என்ற இன்னொரு பிக்கு "யார் நுகர்கிறார், யார் வேட்கைப்படுகிறார்" என்று கேட்டுக்கொண்டே போவார். கேள்வியே சரியில்லை, எதைச் சார்ந்து நுகர்வு வருகிறது என்று கேள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். நழுவுகிற மாதிரி தோன்றும், எனக்கும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 'யார்' என்று கேட்கும்போதே உள்ளே ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டுத்தான் கேட்கிறோம், அந்த ஆள் இருக்கிறாரா என்பதுதானே பிரச்சினையே.

மூன்று பிறவிகளில் நடப்பதா, ஒரே நொடியில் நடப்பதா?

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து எழுதிய உரையாசிரியர் புத்தகோசர், பேதைமையும் செய்கையும் முற்பிறவி, உணர்வு முதல் பவம் வரை இப்பிறவி, தோற்றமும் மூப்புச்சாவும் வரும் பிறவி என்று பிரித்தார். இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளின் தேரவாத பௌத்தத்தில் இதுதான் பெருவழி. மணிமேகலையும் நான்கு கண்டம் (பகுதி), அவை சேரும் மூன்று சந்தி என்று இதையொட்டிய பகுப்பைத்தான் தருகிறது. தாய்லாந்தின் புத்ததாச பிக்கு (1906–1993) இதைக் கடுமையாக எதிர்த்தார். 'பிறப்பு' என்பது 'நான்', 'எனது' என்ற எண்ணம் மனத்தில் பிறப்பது, ஒரு நாளில் பலமுறை நடக்கும் என்றார்.

என் கருத்து: சுத்தங்களில் பிறப்பு என்று வரையறுக்கும் இடத்தில் உடலோடு பிறப்பதைத்தான் சொல்லியிருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேச முடியாது. ஆனால் உட்கார்ந்து பார்க்கும்போது நம் கண்ணில் படுவது புத்ததாசர் சொல்வதுதான். அடுத்த கேள்விக்கு அந்த வழியிலேயே பதில் சொல்கிறேன்.

சங்கிலியை எங்கே அறுப்பது? நடைமுறையில் சொல்லுங்கள்.

நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில். எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

சொந்தத்தில் ஒரு கல்யாணம், பத்திரிகை வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது. கீழே "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று வரிசையாகப் பெயர்கள், சித்தப்பாக்கள், மாமாக்கள், எல்லாரும். எங்கள் அப்பா பெயர் இல்லை. இரண்டாவது முறை விரலை வைத்துக்கொண்டு படித்தேன், இல்லை.

கண்ணும் எழுத்தும் சேர்ந்தது ஊறு. அடுத்து நெஞ்சுக்குக் கீழே ஒரு இறுக்கம், காது மடல் சூடாவது. அதில் இன்னும் வார்த்தையே இல்லை, அப்பா, அவமானம் எதுவும் இல்லை, கசப்பு மட்டும்தான். அதுதான் நுகர்வு. உடனே இது போக வேண்டும், யாராவது இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற உந்தல், அது வேட்கை. வேட்கை என்றால் ஆசைப்படுவது மட்டுமல்ல, ஒன்று இல்லாமல் போக வேண்டும் என்று துடிப்பதும் வேட்கைதான். அப்புறம் "எங்கள் குடும்பத்தை எப்போதுமே இப்படித்தான் நடத்துவார்கள்" என்ற வாக்கியம். முப்பது வருடத்துச் சங்கதிகள் எல்லாம் அதில் வந்து ஒட்டின, பசைஇய அறிவு. அதற்குள் நான் 'அவமதிக்கப்பட்ட வீட்டின் மூத்த மகன்' ஆகிவிட்டேன், பவம். அந்த ஆள் பிறந்தான், போனை எடுத்தான், பேசக்கூடாததைப் பேசினான். எட்டு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அவலம், அரற்று, கவலை, கையாறு என்று சாத்தனார் அடுக்கியது அத்தனையும் வந்தது.

அன்று எனக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பேருந்தில் போகும்போதுதான் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். அந்த இறுக்கம் மட்டும் இருந்த நேரம் இருக்கிறதே, வார்த்தை வருவதற்கு முன்னால், அதில்தான் இடம் இருந்தது. நுகர்வை நிறுத்த முடியாது, புத்தருக்கும் முதுகு வலித்தது. ஆனால் கசப்பைக் கசப்பாகவே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது கூடுகிறது, நிற்கிறது, தணிகிறது. பிறகு சில சின்ன விஷயங்களில் எனக்கு அது கைகூடியிருக்கிறது, அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல், வீட்டில் ஒரு சொல். பெரிய விஷயங்களில் இன்னும் பழக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பேதைமை காரணம் என்றால், பேதைமைக்கு என்ன காரணம்?

அதற்கும் உணவு உண்டு என்கிறது அங்குத்தர நிகாயம் என்ற பாலி சுத்தத் தொகுப்பு: காமம், பகை, சோர்வு, மனக்கொந்தளிப்பு, ஐயம் ஆகிய ஐந்து தடைகள். முதல் புள்ளி தென்படுவதில்லை என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. சங்கிலி என்ற உவமையே கொஞ்சம் ஏமாற்றும். உணர்வும் அருவுருவும் பற்றிப் புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் சொன்னது, ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய இரண்டு நாணல் கட்டுகள். ஒன்றை உருவினால் மற்றது விழும். இதில் எது முதல்?

திபெத்தியப் பிறவிச் சக்கரப் படத்தில் இருப்பதும் இதுதானா?

ஆம், வெளி வளையத்தில். குருடர் பேதைமை, பானை வனைபவர் செய்கை, கண்ணில் அம்பு தைத்தவர் நுகர்வு, கடைசியில் பிணம் சுமந்து போகிறவர். அஜந்தா பதினேழாம் குகையின் முன்மண்டபத்திலும் இந்தச் சக்கரம் சிதைந்த நிலையில் இருக்கிறது.

அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. அழுகை நிற்கவில்லை. இதுவும் பற்றுதானா, அழக்கூடாதா?

அழுங்கள், அம்மா. புத்தர் குசிநாராவில் கடைசியாகப் படுத்திருந்தபோது ஆனந்தர் உள்ளே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். புத்தர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். பிரிவு வரும் என்று முன்பே சொல்லியிருக்கிறேனே என்றார், அதோடு விடாமல், இத்தனை காலம் சொல்லாலும் செயலாலும் மனத்தாலும் அன்போடு என்னுடன் இருந்தாய் என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். இரண்டு அம்புகள் என்று ஒரு சுத்தம் உண்டு. முதல் அம்பு தைத்தால் வலிக்கும், அது யாரையும் விடாது. "நான் இன்னும் நன்றாகப் பார்த்திருக்கலாம், அந்த ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருக்கலாம்" என்று இரவில் நாமே குத்திக்கொள்வது இரண்டாவது. இந்தப் போதனை கை வைப்பது அந்த இரண்டாவதில்தான். மூன்று மாதம் என்பது நீண்ட காலமே இல்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

சம்யுத்த நிகாயம் என்ற பாலி சுத்தத் தொகுப்பில் நிதான சம்யுத்தம் என்று ஒரு தொகுதியே இருக்கிறது. தமிழில் என்றால் மணிமேகலையின் கடைசிக் காதை. வாய்விட்டுப் படியுங்கள், ஏனென்றால் அது காதுக்காகக் கட்டப்பட்டது. "பேதைமை சார்பாச் செய்கை ஆகும்" என்று ஏறிக்கொண்டே போய்த் துன்பத்தில் முட்டும், பிறகு "பேதைமை மீளச் செய்கை மீளும்" என்று ஒவ்வொன்றாகத் திரும்பும். இரண்டாவது பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். "வேட்கை மீள" என்று வரும் இடத்தில் கொஞ்சம் நின்று, அன்றைக்கு நடந்த ஏதாவது ஒன்றை அதில் வைத்துப் பாருங்கள்.