ஆம்னி என்றால் சொகுசா?

கேள்வி: 'ஆம்னி' என்றால் சொகுசு என்றுதானே அர்த்தம்? நாங்கள் ஏறுகிற 29சி டவுன் பஸ்ஸை யாரும் ஆம்னி என்று சொல்வதில்லையே?
– வாசகர், பெரம்பூர்

பதில்: சொகுசுக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உங்கள் 29சி-யும் ஆம்னிபஸ்தான்.

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் பார்ப்பது தலைக்கணக்கை. ஓட்டுநர் நீங்கலாக 6 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும்படி கட்டிய, அல்லது மாற்றியமைத்த மோட்டார் வண்டி எதுவும் ஆம்னிபஸ். ஏ.சி., மெத்தை பற்றி அந்த வரையறையில் ஒரு வார்த்தை கிடையாது. 8 சீட்டு குடும்ப வேனில் ஓட்டுபவரைக் கழியுங்கள், மிச்சம் 7. அதுவும் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

சொல் பிறந்த கதை இன்னும் அழகு. லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்று 1820-களில் பிரான்சில் ஓடிய குதிரை வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது. 1829-ல் ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் லண்டனில் அப்படியொரு வண்டி விட்டார். பெயர் நீளமாயிற்றே, ஜனங்கள் வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வால் வெறும் வேற்றுமை உருபு! நாம் ஒரு வண்டிக்கு 'எல்லோருக்கும்' என்று பெயர் வைத்து, நாளடைவில் "க்கும் வந்துடுச்சா?" என்று கேட்டால் எப்படி இருக்கும், அதுதான் 'பஸ்'.

பொங்கலுக்கு முந்தைய ஓர் இரவு, கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "ஆம்னியெல்லாம் நமக்கு இல்லப்பா" என்றார். கட்டணத்தை நினைத்துச் சொன்னார், நியாயம்தான். ஆனாலும் அந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன என்று அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று இன்னும் உறுத்துகிறது.

சரி, தனியார் வண்டிக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்? வித்தியாசம் பெர்மிட்டில் இருக்கிறது. 29சி நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்றி, தனித்தனியாக டிக்கெட் கொடுக்கும். அது ஸ்டேஜ் கேரியேஜ். தனியார் வண்டிகள் ஓடுவது கான்ட்ராக்ட் கேரியேஜ் பெர்மிட்டில், அதாவது வண்டியை மொத்தமாகப் பேசி அமர்த்துவது. சட்டப்படி வழியில் ஆள் ஏற்றக் கூடாது. இவற்றைப் பிரித்துச் சொல்ல ஜனங்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, 'ஆம்னி' ஒட்டிக்கொண்டது. பேச்சில் அப்படியே சொல்லுங்கள், தப்பில்லை. 'ஆம்னி ரக சொகுசுப் பேருந்து' என்று என் மேஜைக்கு வந்தால் மட்டும், 'தனியார் பேருந்து' என்று திருத்திவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவேன்.